சுவருக்குள்ளிருந்து வந்த குரல்

மலைக்காட்டில், ஓர் உயரமான மரத்தின் பொந்தில், அஞ்சலை என்ற இருவாச்சிப் பறவை தன் குஞ்சோடு அடைந்து கிடந்தாள்.

இருவாச்சிகளின் வழக்கம் அப்படி. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் விட்டு வைக்கும். உள்ளே அதன் இறகுகள் உதிர்ந்துவிடும். மறுபடி முளைக்கும்வரை ஆண் பறவைதான் அந்தச் சந்து வழியாக ஊட்ட வேண்டும்.

அஞ்சலையின் கணவன் சிங்காரம். தன்னை மிஞ்சிய புருஷன் அந்தக் காட்டிலேயே இருக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டவன். பொழுது விடிந்தால் பழம், பொழுது சாய்ந்தால் பழம்!

"இந்தா அஞ்சல, பழம்! ரெண்டு மலை தாண்டிக் கொண்டு வந்தேன். வழியில ஒரு கழுகு துரத்துச்சு. விட்டேனா நான்!"

"ஏங்க, ஒரு நிமிஷம். இங்க உள்ளே..."

"இரு, கழுகு கதைய முடிச்சிடறேன்!"

கழுகு கதை முடிந்ததும் குரங்குக் கதை. அதுவும் முடிந்தால் அடுத்த பழத்துக்குப் பறந்துவிடுவான். பாவம் அஞ்சலை! பேச வாயைத் திறந்தால் அதில் ஓர் அத்திப்பழம் வந்து விழும்.

ஒரு நாள் காலை. மேற்கே கருமேகம் திரண்டது. சிங்காரம் பழத்தை நீட்டினான். அஞ்சலை வாங்கவில்லை.

"வேணாம்! நான் சொல்றதைக் கேக்குற வரைக்கும் ஒரு பழம்கூட வாங்க மாட்டேன்!"

சிங்காரத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே அத்திமரத்துக்குப் போனான். அங்கே கொறித்துக்கொண்டிருந்த மலையணிலிடம் புலம்பித் தீர்த்தான்.

"றெக்கை ஓய ஓய உழைக்கிறேன். எனக்கு இதுதான் மரியாதையா?"

"அது சரிண்ணே. அண்ணி என்னதான் சொல்ல வந்தாங்க?" என்றது அணில்.

சிங்காரம் யோசித்தான். கழுகின் நகம் நினைவிருந்தது. குரங்கின் மூஞ்சி நினைவிருந்தது. அஞ்சலை இத்தனை நாள் சொல்ல வந்ததில் "ஏங்க" என்பதைத் தவிர ஒரு வார்த்தைகூட நினைவில்லை. அவனுக்கு வெட்கமாகப் போயிற்று, உள்ளூரப் பயமும் வந்தது. வந்த வழியே திரும்பிப் பறந்தான்.

இம்முறை சந்தில் அலகை வைக்கவில்லை. காதை வைத்தான்.

"சொல்லு அஞ்சல. நான் குறுக்கே பேச மாட்டேன்."

"மேலே, முறிஞ்ச கிளைக்கிட்ட ஒரு வெடிப்பு இருக்குங்க. அன்னைக்குப் பெஞ்ச தூறலுக்கே தண்ணி உள்ளே இறங்கிடுச்சு. புள்ள ராவெல்லாம் நடுங்கினான். பெருமழை பெஞ்சா பொந்தே நிரம்பிடும். பறந்து தப்பிக்க எனக்கும் றெக்கை இல்ல, அவனுக்கும் இல்ல!"

சிங்காரம் அண்ணாந்து அந்த வெடிப்பைப் பார்த்தான். இத்தனை நாளும் இதைச் சொல்லத்தானா கூப்பிட்டாள்!

"நான் என்ன செய்யணும்?"

"ஓடையில களிமண் எடுங்க. அத்திப்பழத்தை நசுக்கி அதோட குழைச்சு அடைங்க. வெறும் மண்ணு கரைஞ்சிடும்."

சிங்காரம் ஓடைக்கும் மரத்துக்குமாகப் பறந்தான். முதலில் அப்பிய மண் பொத்தென்று கீழே விழுந்தது. அவன் விடவில்லை. காற்று அவனைக் கிளையிலிருந்து தள்ளியது. அப்போதும் விடவில்லை.

"இன்னும் இடது பக்கம்! வெளிச்சம் தெரியுது!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. சிங்காரம் காது கொடுத்துக் கேட்டு, அங்கே அப்பினான்.

"இப்போ இருட்டாயிடுச்சு! போதுங்க!"

சற்று நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது. பொந்துக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை.

மழை விட்டதும் சிங்காரம் ஒரு பழத்தோடு வந்தான். அஞ்சலை ஆசையாக வாங்கிக்கொண்டாள்.

"என்னங்க, இன்னைக்குக் கழுகு துரத்தலையா?"

"துரத்துச்சு. அது கிடக்கட்டும். புள்ள தூங்கினானா? நீ சொல்லு" என்று சொல்லிவிட்டு, சந்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

நாம் நேசிப்பவர்களுக்கு வாய் நிறையக் கொடுத்தால் மட்டும் போதாது, அவர்கள் வாய் திறக்கும்போது நம் காதையும் கொடுக்க வேண்டும்.