புழு தின்ற மணி

கிளி சொன்ன ஒரு செய்தியைச் சடையப்பன் என்ற அணில் மூன்று அறுவடைக் காலமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் நம்பிவந்தது.

மலையடிவாரத்தில் ஒரு புங்கமரம். அதை ஒட்டி மக்காச்சோளக் கொல்லை. சடையப்பனும் அதன் மனைவி செண்பகமும் மூன்று குட்டிகளும் அந்தக் கொல்லையை நம்பித்தான் பிழைத்தன.

ஒருநாள் மலைக்கு அப்பாலிருந்து வந்த கிளி, மனிதர்கள் மரபணு மாற்றிய சோளத்தை விதைக்கிறார்கள் என்று சொன்னது. வேறோர் உயிரின் குணத்தை விதைக்குள்ளேயே புகுத்திவிடுகிறார்களாம். அதைத் தின்றால் புழு செத்துப்போகுமாம். அவ்வளவுதான் சொன்னது, பறந்துவிட்டது.

புழுவைக் கொல்வது நம்மையும் கொல்லும் என்று சடையப்பன் யோசித்து யோசித்து ஒரு சட்டம் போட்டது. புழு அரித்த மணியைத்தான் இந்த வீட்டில் தின்ன வேண்டும், முழு மணியைத் தொடக் கூடாது.

"புழு தின்னது போக மிச்சம் என்னங்க இருக்கும்?" என்று கேட்டது செண்பகம்.

"ஆரோக்கியம் இருக்கும்."

அந்தப் பதில் சடையப்பனுக்கே மிகவும் பிடித்துப்போனது. மிச்சம் இருந்ததோ வெறும் தோல்தான். குட்டிகள் அதை நக்கிக்கொண்டு கிடந்தன. அவற்றின் விலா எலும்பு தெரிந்தபோது, கெட்ட கொழுப்பு கரைகிறது என்று விளக்கம் சொன்னது தகப்பன். பக்கத்து மரத்து அணில்களுக்கும் உபதேசம் செய்தது. மைனா கேலியாக "வைத்தியரே" என்று கூப்பிட, அதையும் பட்டமாக வாங்கிக்கொண்டது.

ஒவ்வோர் அறுவடைக்கும் கிளி வரும். விவரம் கேட்டுவிடலாம் என்று சடையப்பனும் கிட்டே போகும். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு இனிமேல் போய்க் கேட்டால் வைத்தியர் மானம் என்ன ஆவது? மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிடும்.

மூன்றாவது அறுவடையின்போது காட்டுப்பூனை ஒன்று மரமேறியது. பெரிய குட்டிகள் இரண்டும் எப்படியோ அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டன. கடைக்குட்டியும் தாவியது. பாதித் தூரம்கூடப் போகவில்லை, விழுந்துவிட்டது. கீழே முட்புதர் இருந்ததால் பூனையால் நெருங்க முடியவில்லை. உயிர் தப்பியது.

உடம்பெல்லாம் குத்தியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே செண்பகம் கேட்டது: "ஒரே கதிர்ல புழு தின்ன மணியும் இருக்கு, தின்னாத மணியும் இருக்கு. ஒரே கதிர் எப்படிங்க ரெண்டு சோளமாகும்? அந்தக் கிளிகிட்ட ஒருதரமாவது ஒழுங்கா விசாரிச்சீங்களா?"

இத்தனை நாளும் கரைந்தது கொழுப்பல்ல, குட்டியின் பலம் என்று சடையப்பனுக்கு விளங்கியது. தன் கொழுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை, மைனாவும் பக்கத்து மரத்து அணில்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது கிளியின் முன்னால் போய் நின்றது.

"கிளியண்ணே, நீங்க சொன்ன அந்தச் சோளம் எந்தக் கொல்லையில விளையுது?"

எதை விலக்க வேண்டும் என்று கேட்டறிய வெட்கப்படும் தகப்பன், தன் வெட்கத்துக்காகப் பிள்ளைகளைப் பட்டினி போடுகிறான்.