பதினோரு நாள் விடுபட்ட ஓலை

வடகுளத்து ஜீயருக்கு வயது முப்பத்தாறு. அவருடைய சீடர் சௌரிநம்பிக்கு ஐம்பத்தெட்டு. சீடர் தர்க்கம் படித்து முடித்தபோது குரு பிறந்திருக்கவே இல்லை. ஆனாலும் தினமும் காலையில் விழுந்து சேவிப்பவர் நம்பிதான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவரும் அவர்தான்.

நம்பிக்கு ஓர் ஆசை. ஜீயரின் வைபவத்தை, அதாவது அவருடைய வாழ்க்கைப் பெருமையை, ஓலையில் எழுதிவிட வேண்டும். எழுதவும் தொடங்கினார். சிக்கல் என்னவென்றால், ஜீயர் படித்தார், படிப்பித்தார், உண்டார், உறங்கினார். அதற்குமேல் ஒன்றும் செய்யக் காணோம். பக்கத்து மடத்து ஆசாரியர் மதயானையை அடக்கியது அவர் வைபவத்தில் மூன்று ஓலைக்கு வருகிறது. நம் ஜீயரோ சாதாரண யானைக்கே ஒதுங்கி வழிவிடுகிறவர்.

ஆகவே நம்பி கிணற்றைக் கையில் எடுத்தார்.

மடத்துக் கிணறு ஆறு வருஷத்துக்கு முன்பு வற்றியது. பிறகு ஊறியது. இரண்டும் உண்மை. நம்பி எழுதியது இவ்வளவுதான்: “ஜீயர் கிணற்றடியில் நின்று ஒரு பாசுரம் அருளிச்செய்தார், நீர் பொங்கியது.” ஒரே வரி. பிழை ஒன்றும் இல்லை. திரும்பப் படித்தபோது நம்பிக்கே மயிர் சிலிர்த்தது.

யாரோ ஒரு யாத்திரிகர் அதைப் படியெடுத்துக்கொண்டு போனார்.

ஆடி மாதம் ஒருநாள், கள்ளிப்பாடியிலிருந்து ஒரு பெண் மடத்துக்கு வந்தாள். பூமாலை என்று பெயர். மூன்று நாள் நடந்த புழுதி முழங்கால்வரை ஏறியிருந்தது.

“சாமி, எங்க ஊர்க் கோயில்ல உங்க கதையைப் படிச்சாங்க. நீங்க ஒரு பாட்டுச் சொன்னீங்களாம், கிணத்துல தண்ணி பொங்குச்சாம்.”

ஜீயர் நம்பியைப் பார்த்தார். நம்பி உத்திரத்தைப் பார்த்தார்.

“எங்க ஊர்ல நாப்பது வீடு, ஒரே கிணறு. அது வத்திப்போச்சு. மாட்டையெல்லாம் மேக்க ஓட்டிவிட்டாச்சு. வர்ற அமாவாசை வரைக்கும் பாக்கறதுன்னு பேச்சு. அப்புறம் ஊரைக் காலி பண்ண வேண்டியதுதான். ஒரே ஒரு பாட்டு, சாமி. வந்து சொல்லிட்டுப் போயிடுங்க.”

“அமாவாசைக்கு எத்தனை நாள்?”

“பதினாறு.”

நம்பிக்கு வியர்த்தது. ‘இவர் எழுதியது பொய்’ என்று ஜீயர் சொல்லிவிட்டால் நம்பி மடத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். சொல்லாமல் போய்ப் பாடி, நீர் வராவிட்டால் ஜீயரின் பெயர் போகும். நாற்பது வீடும் போகும். இப்படி இரண்டு பக்கமும் இறுகுகிற சுருக்குக்குத் தர்க்கத்தில் ஒரு பெயர் உண்டு. முப்பது வருஷம் பாடம் சொன்ன நம்பிக்கு அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

“வருகிறேன், பாசுரமும் சொல்கிறேன்” என்றார் ஜீயர். “ஓபுலனைக் கூப்பிடுங்கள்.”

ஓபுலன் கிணறு வெட்டுகிறவன். ஆறு வருஷத்துக்கு முன்பு மடத்துக் கிணற்றில் பதினோரு நாள் இறங்கித் தூர் வாரி, ஊற்றுக்கண்ணைத் திறந்தவன் அவன்தான். அவன் நிரப்பிய சேற்றுக் கூடைகளைக் கயிற்றில் மேலே இழுத்தவர் ஜீயர். ஜீயரின் துறவுக்கோலான திரிதண்டத்தைப் பிடித்துக்கொண்டு நிழலில் நின்றவர் நம்பி.

“துறவி மண்ணைத் தோண்டலாகாது, சுவாமி” என்று நம்பி அன்றைக்கே எடுத்துச் சொன்னார்.

“நான் தோண்டவில்லையே, நம்பி. தோண்டியதை இழுக்கிறேன். இழுப்பதைப் பற்றிச் சாத்திரத்தில் ஏதாவது இருந்தால் சொல்லும்.”

நம்பி மூன்று நாள் தேடினார். ஒன்றும் இல்லை. சாத்திரத்தில் இல்லாத கூடையை வைபவத்தில் எப்படி ஏற்றுவது? விட்டுவிட்டார்.

கள்ளிப்பாடிக்குப் போகும் வழியில் நம்பி மெல்ல வாயைத் திறந்தார்.

“சுவாமி, அந்த வரி…”

“எழுதின அன்றைக்கே படித்தேன். நன்றாக இருக்கிறது. நான் அன்று அங்கே இருந்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.”

“அப்போதே அடியேனைக் கண்டித்திருக்கலாமே?”

“யாராவது தாகத்தோடு வருவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.”

நம்பி அப்புறம் ஊர் எல்லைவரை ஜீயருக்குப் பத்தடி பின்னாலேயே நடந்தார்.

ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. ஜீயர் கைகூப்பி ஒரு பாசுரம் சொன்னார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அடியில் ஒரு தவளை இருந்தது. அதுவும் மேலே பார்த்தது.

“இன்னொரு தரம் சொல்லுங்க சாமி” என்றார் ஒரு கிழவர். “மெதுவாச் சொல்லிட்டீங்களோ என்னமோ.”

“என் வேலை பாதி முடிந்தது, ஐயா. மீதிக்குக் கயிறு வேண்டும், கூடை வேண்டும், ஆள் வேண்டும்” என்றார் ஜீயர். திரிதண்டத்துக்காக நம்பி கையை நீட்டினார். ஜீயர் தண்டத்தைத் தம் தோளிலேயே சாத்திக்கொண்டார். “இந்தத் தடவை இது என்னிடமே இருக்கட்டும். நம்பி, உள்ளே இறங்கும்.”

அதற்குள் கிணற்றில் இறங்கிவிட்டிருந்த ஓபுலன் கீழிருந்து குரல் கொடுத்தான். “வாங்க சாமி. இங்க வெயிலே கிடையாது.”

பத்து நாள். மேலே ஜீயரும் ஊராரும் இழுத்தார்கள். கீழே ஓபுலன் வெட்டினான், நம்பி அள்ளினார். சேறு போய்க் களிமண் வந்தது. களிமண் போய்ப் பாறை வந்தது. பாறை இருபுறமும் சரிந்து வந்து, கடைசியில் குழி ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் குறுகியது. நம்பியின் உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, மறுபடி வந்தது. மேலே சில வீடுகளில் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு மூட்டையும் தம் தலையில் ஏறுவதாக நம்பிக்குப் பட்டது.

அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது. ஓபுலன் பாறையில் கையை வைத்தான்.

“சாமி, கல்லு வேர்க்குது.”

“அது உன் வேர்வையப்பா.”

“நாக்குல வெச்சுப் பாருங்க. கரிச்சா என்னுது.”

நம்பி வடிகட்டாத நீரை வாயில் படவிடாதவர். ஊர் விட்டு ஊர் போனால் மடைப்பள்ளிச் செம்பைக் கூடவே கொண்டுபோகிறவர். அவர் பாறையைப் பார்த்தார். ஓபுலனைப் பார்த்தார். குனிந்து நாக்கை வைத்தார்.

கரிக்கவில்லை.

“சுவாமி!” என்று அவர் போட்ட சத்தத்தில் மேலே நின்றவர்கள் பாம்பு என்று நினைத்துக் கயிற்றை விட்டார்கள்.

ஜீயர் தண்டத்தோடு இறங்கி வந்தார்.

“வேண்டாம் சுவாமி! ஒருவர் நிற்கிற இடம், நாங்களே இருவர். இடமில்லை.”

“சற்று நகரும்” என்றார் ஜீயர்.

நம்பி பாறையோடு ஒட்டிக்கொண்டார். ஓபுலன் ஒருக்களித்தான். மூவரும் நின்றார்கள். ஓபுலன் கடப்பாரையை ஓங்க வழியில்லாமல், நின்ற நிலையிலேயே நாலு இடி இடித்தான். ஐந்தாவது இடியில் பாறை வாயைத் திறந்தது. கணுக்காலில் குளிர்ந்தது. பிறகு முழங்காலில். நம்பியின் முழங்கால் அன்றைக்கு வலிக்கவே இல்லை. மேலே குலவைச் சத்தம் கேட்டது. நம்பி அழுதாரா, சிரித்தாரா என்று ஓபுலனைக் கேட்டால், முகமெல்லாம் சேறு, தெரியவில்லை என்பான்.

மறுநாள் ஊரில் மூட்டைகள் அவிழ்ந்தன. முன்பே கிளம்பிப் போயிருந்த ஒரு குடும்பம் செய்தி கேட்டுத் திரும்பி வந்தது. பூமாலை அவர்களைக் கிணற்றடியிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஜீயரு வந்தாரு. இதோ இந்த இடத்துல நின்னு ஒரு பாட்டுச் சொன்னாரு. தண்ணி பொங்கிருச்சு!”

விடைபெற வந்த நம்பிக்குப் பொறுக்கவில்லை. “அம்மா! நடுவிலே பத்து நாள் இருக்கிறதே! இந்தக் கையைப் பாரும்!”

“பாத்தேனே சாமி, நேத்து மஞ்சப் பத்துப் போட்டதே நான்தானே?” என்றாள் பூமாலை. “அதுக்காகக் கதையில சேறு, கொப்புளம்னு சொல்லிக்கிட்டா இருப்பாங்க? உங்க ஓலையிலயே அதெல்லாம் இல்லையே.”

வடகுளத்து ஜீயர் வாய்விட்டுச் சிரித்ததை நம்பி அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார். “உம்முடைய நடை அவளுக்கு நன்றாக வருகிறது, நம்பி” என்றார் ஜீயர்.

மடத்துக்குத் திரும்பியதும் நம்பி அந்த ஓலையை எடுத்துவந்து ஜீயர்முன் வைத்தார்.

“கிழித்துவிடட்டுமா, சுவாமி?”

“ஏன்? பாசுரம் சொன்னது உண்மை. நீர் வந்தது உண்மை.”

“நடுவில் பதினோரு நாள் இருக்கிறது. ஓபுலன் இருக்கிறான். தேவரீர் இழுத்த கூடை இருக்கிறது. எல்லாவற்றையும் இந்த ஒரு வரிக்குள் எப்படி நுழைப்பது? எழுத்தாணி முனை அளவுகூட இடமில்லையே.”

ஜீயர் ஓலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு எழுத்தாணியை எடுத்து, கொப்புளம் ஆறாத அந்தக் கையில் கொடுத்தார்.

“சற்று நகரும், நம்பி.”