அழிக்காமல் விட்ட வரி

பொன்னாடை ஒன்று, தோள்கள் மூன்று. வழக்கு இவ்வளவுதான். ஆனால் இதைத் தீர்க்க முடியாமல் ஆலங்காட்டுப்பேட்டையில் ஒரு டிவி நிலையம் தன் மாலைச் செய்தியையே பத்து நிமிடம் தாமதமாகப் போட்டது. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பாதிக் கதையில் தீர்ப்புச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

பேட்டை டிவி என்பது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இரண்டே அறைகள். ஒன்றில் செய்தி வாசிப்பார்கள். மற்றதில் கோமதிநாயகம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான். திரையின் அடியில் ஓடும் எழுத்து அவன் பொறுப்பு. கரண்ட் எப்போது போகும், குடிதண்ணீர் எந்த வார்டுக்கு, யார் வீட்டில் காதுகுத்து, யாருடைய பசுவைக் காணவில்லை, எல்லாம் அவன் கைவழியாகத்தான் ஊருக்குத் தெரியும். மேலே வாசிக்கிற செய்தியை ஊர் காதில் போட்டுக்கொள்ளும். கண் என்னவோ அடியில்தான் இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை அரசு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவசரமாக ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும். நாயகம் உடனே வரியைச் சேர்த்தான். மதியத்துக்குள் இரண்டு பேர் போய்க் கொடுத்துவிட்டார்கள். "போதும், எடுத்துருங்க" என்று மறுபடி போன் வந்தது. நாயகம் எடுத்தான். எடுத்ததாக நினைத்தான். நாற்பது வரிகள் கிடந்த பட்டியலில் அவன் அழித்தது அதற்கு மேலே இருந்த வரியை. 'ஏழாம் வார்டுக்கு நாளை காலை குடிதண்ணீர்' என்ற அறிவிப்பு காணாமல் போனது. ரத்தம் கேட்ட வரி ஓடிக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஏழாம் வார்டுப் பெண்கள் காலிக் குடங்களோடு மாடியேறி வந்தார்கள். அவர்கள் விட்ட டோஸில் முதலாளி பீர்முகமதுவின் முகம் சுண்டிப்போனது. "ஒரு வரியப் பாத்து அழிக்கத் தெரியாதா ஒனக்கு? இந்த மாசத்தோட வேற எடம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். நாயகத்துக்குப் பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகள் இரண்டு. பேட்டையில் வேறு டிவியும் கிடையாது. அன்று அவன் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுபோனான்.

ஆனால் அதற்குள், அன்று காலையிலேயே, அந்த வரி ஒருவர் கண்ணில் பட்டிருந்தது. கீழக்குறிச்சியில் விசைத்தறி ஓட்டும் உச்சிமாகாளி அவர். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, தறியை நிறுத்திவிட்டு, இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரத்தம் எடுக்கும் அறையில் எஸ்தர் சிஸ்டர் சாப்பிடப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"அது நேத்தே முடிஞ்சிட்டு அண்ணே. டிவிக்காரங்க எடுக்காம விட்டுட்டாங்க போல" என்றார் சிஸ்டர்.

"அப்ப இன்னைக்கு யாருக்கும் வேண்டாமா?"

"யாருக்கும் இல்ல."

"சரி, கொண்டுவந்த ரத்தத்தத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோயி என்ன செய்ய? எடுத்து வையுங்க. எந்தப் பிள்ளைத்தாச்சிக்காவது ஆவும்" என்று உச்சிமாகாளி சட்டைக் கையை மடித்தார். சிஸ்டர் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் படுக்கச் சொன்னார்.

புதன்கிழமை காலை செல்வக்கனி என்ற பெண்ணைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தை பிறந்தது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கும் ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரியில் அந்த வகையில் இருந்தது ஒரே ஒரு பைதான், முந்தின நாள் உச்சிமாகாளி கொடுத்தது. அது அவளைக் காப்பாற்றியது.

அடுத்த ஞாயிறு, அவள் கணவன், இளநீர் விற்கும் பரமகுரு, எஸ்தர் சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு பேட்டை டிவிக்கு வந்தான். கையில் பொன்னாடை. நடந்ததையெல்லாம் முதலாளியிடம் சொல்லிவிட்டு நாயகத்திடம் போனான்.

"வேண்டாம்னு சொன்ன பொறவும், எதுக்கும் ஓடட்டும்னு விட்டு வச்சீங்களே அண்ணாச்சி! ஒங்கள சாமியா நெனச்சுக் கும்பிடுதேன்."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். நாயகம் ஒருமுறை தலையை ஆட்டினால் போதும், வேலை தங்கிவிடும். அவன் பொன்னாடையைக் கையால் விலக்கினான்.

"இல்ல தம்பி. நான் வேணும்னு விடல. தப்பா வேற வரிய அழிச்சிட்டேன். அதான் நடந்தது."

"தப்போ சரியோ, அது ஓடலன்னா எம் பிள்ளைக்குத் தாய் இல்ல" என்றான் பரமகுரு.

"தப்புக்குப் பொன்னாடையா? சாப்பாட்ட விட்டுட்டு ரத்தத்த எடுத்து வச்ச சிஸ்டருக்குப் போடுப்பா" என்றார் முதலாளி.

"நான் என் வேலையத்தான் பாத்தேன். அந்தத் தறிக்காரருக்குப் போடுங்க" என்றார் சிஸ்டர்.

"அவரே இந்த அண்ணாச்சி போட்ட வரியப் பாத்துத்தானேம்மா வந்தாரு?" என்றான் பரமகுரு.

செய்தி நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. பரமகுரு பொன்னாடையை விரித்தபடியே நின்றான். நீங்கள் சொல்லுங்கள்: வரியை அழிக்காமல் விட்டவன், வந்தவரைத் திருப்பி அனுப்பாத சிஸ்டர், தேவையில்லை என்று கேட்ட பிறகும் ரத்தம் கொடுத்தவர், இந்த மூவரில் பொன்னாடை யாருக்கு?

விடை: உச்சிமாகாளிக்குத்தான். நாயகத்தின் வரி அவரை ஆஸ்பத்திரி வாசல் வரைதான் கொண்டுவந்தது. அங்கே அது பழைய செய்தி என்று தெரிந்துவிட்டது. திட்டிவிட்டுத் திரும்பிப் போக அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. முகம் தெரியாத யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனது அவருடைய மனசு மட்டும்தான். சிஸ்டரின் நல்ல குணம்கூட அவர் கையை நீட்டிய பிறகு வந்ததுதான். நாயகம் பொன்னாடை வாங்க வேண்டியவன் இல்லை, போட வேண்டியவன். பரமகுருவைவிட அவன்தான் அந்த மனிதருக்கு அதிகம் கடமைப்பட்டவன். அவனுடைய கவனக்குறைவை ஒரு உயிருக்கு உதவியாக மாற்றியது அவர்தானே? மறுநாள் பரமகுருவும் நாயகமும் பஸ் ஏறிக் கீழக்குறிச்சிக்குப் போனார்கள். உண்மையைச் சொன்னவனை எப்படி அனுப்புவது என்று தன் பேச்சை வாபஸ் வாங்கிய பீர்முகமது, கேமராவைத் தானே தூக்கிக்கொண்டு கூடப் போனார். தறிச் சத்தத்துக்கு நடுவே பரமகுருவும் நாயகமும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உச்சிமாகாளிக்குப் பொன்னாடையைப் போர்த்தினார்கள். பரமகுரு வாய் நிறைய நன்றி சொன்னான். நாயகம் அழுதுவிட்டான்.