பேச்சிக் கரடியின் சுரைக்குடுக்கை

இலுப்பைக் காட்டில் பேச்சி என்றொரு கரடி இருந்தது. ஒரு காலத்தில் அதற்கு இலுப்பைப் பூ இல்லாமல் பொழுது போகாது. கீழே விழுந்து புளித்த பூவை வயிறு முட்டத் தின்னும். தலை கிறுகிறுத்து உருளும். ஒருநாள் அந்த மயக்கத்தில், தான் பெற்ற குட்டியையே அடையாளம் தெரியாமல் உறுமி விரட்டிவிட்டது. தெளிந்ததும் தேடி அழுதது; குட்டி திரும்பி வரவே இல்லை. அன்றைக்குத்தான் பூவை விடுவதென்று முடிவு செய்தது.

பாறைமேட்டில் ஒரு புங்கமரம். பூவை விட்ட விலங்குகள் எல்லாம் பொழுது சாயும்போது அதன் அடியில் கூடும். பூவாசம் கிளம்புவது அந்த நேரத்தில்தான். ஒவ்வொன்றும் தான் பட்ட பாட்டைச் சொல்லும். மற்றவை குறுக்கே பேசாமல் கேட்கும். கடைசியில், "இன்றைய பொழுதைக் காப்பாற்றிக் கொடு சாமி" என்று கும்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு வாய் தண்ணீர் குடித்துக் கலையும்.

தண்ணீர் கொண்டுவருவது பேச்சியின் வேலை. அது வந்த முதல் நாளே, தவசி என்கிற முள்ளம்பன்றி ஒரு சுரைக்குடுக்கையை அதன் கழுத்தில் மாட்டிவிட்டது. ஓடை பள்ளத்தில் இருந்தது. போகிற வழியிலேயே பெரிய இலுப்பை மரம். நான்கு பூக்காலம் பேச்சி அந்த வழியாகப் போய்வந்தது. ஒரு பூவைத் தொட்டதில்லை. இடத்தைக் கூட்டுவது, உட்கார இலை போடுவது என்று எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டது. மற்றவையும் சும்மா இருக்கப் பழகிவிட்டன.

பங்குனியில் கொம்பையா என்கிற மரநாய் வந்து சேர்ந்தது. எலும்பும் தோலுமாக, கால் நடுங்க வந்தது. பேச்சிக்கு மனசு இளகிவிட்டது. நல்ல இலையாகப் பார்த்துப் போட்டு உட்காரவைத்தது.

இரண்டாம் நாள் கொம்பையா, தான் கூட்டட்டுமா என்று கேட்டது. முதலில் உடம்பு தேறட்டும் என்றது பேச்சி. மூன்றாம் நாள் கேட்காமலே இலை போட்டது. இலைகள் கோணல் மாணலாகக் கிடந்தன. பேச்சி சிரித்துக்கொண்டே பின்னால் வந்து, ஒவ்வொன்றையும் எடுத்து நேராகப் போட்டது. கொம்பையா அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நான்காம் நாள் கொம்பையா வரவில்லை.

பேச்சி குடுக்கையோடு ஓடைக்கு இறங்கியபோது, இலுப்பை மரத்தடியில் கொம்பையா கிடந்தது. வாயெல்லாம் பூ.

"உனக்கு என்ன குறை வைத்தேன் தம்பி?" என்றது பேச்சி.

"ஒரு குறையும் இல்லக்கா. எல்லாத்தையும் நீங்களே செஞ்சிடுறீங்க. நான் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். நான் வரலைன்னு அங்க யாருக்குத் தாகம் எடுக்கப் போகுது?"

பேச்சி மரத்தை அண்ணாந்து பார்த்தது. பூவாசம் மூக்கில் ஏறியது. நாக்கில் எச்சில் ஊறியது. நான்கு வருஷமாகியும் ஆசை சாகவில்லை. ஆனால் கழுத்தில் குடுக்கை ஆடியது. மேட்டில் மற்ற விலங்குகள் எல்லாம் தண்ணீருக்குக் காத்திருக்கும். இத்தனை நாளும் இந்த மரத்தைத் தாண்ட வைத்தது அந்த நினைப்புதான் என்று அதற்கு அப்போதுதான் உறைத்தது. அதைத்தான் இந்தப் பிள்ளைக்குக் கொடுக்காமல் விட்டிருக்கிறோம்!

மறுநாள் கூட்டத்துக்குக் கொம்பையாவைக் கையோடு கூட்டிவந்தது. எல்லாம் பார்க்க, குடுக்கையைக் கழற்றி அதன் கழுத்தில் மாட்டியது. குடுக்கை அந்த மரநாயின் உடம்பில் பாதி அளவு இருந்தது.

"வழியில் அந்த மரம் இருக்கேக்கா" என்றது கொம்பையா.

"இருக்கும். நாங்கள் தாகத்தோடு இருப்போம். வந்துவிடு."

கொம்பையா இறங்கிப் போனது. பேச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இலையை நகர்த்தியது. எழுந்தது. மறுபடி உட்கார்ந்தது. மனசுக்குள் சாமியைக் கூப்பிட்டது. ஒரு மான் கதை சொல்லிக்கொண்டிருந்தது. நான்கு வருஷமாகப் பக்கத்தில் இருந்தும், அந்த மானின் கதையைப் பேச்சி அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டது. மானும் ஒரு குட்டியை இழந்திருந்தது.

வெயில் இறங்கிவிட்டது. கும்பிட்டும் ஆயிற்று. ஒரு விலங்கும் கலையவில்லை.

"நான் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா?" என்று எழுந்தது பேச்சி.

தவசி முள்ளைச் சிலிர்த்தது. "உன் வேலை இப்போது உட்காருவது. அதையாவது ஒழுங்காகச் செய் தாயி."

கொஞ்ச நேரத்தில் சரளைக்கல் உருளும் சத்தம் கேட்டது. கொம்பையா இரைக்க இரைக்க மேலே வந்தது. வாயில் பூவாசம் இல்லை. குடுக்கையில் பாதித் தண்ணீர்தான். அதிலும் ஒரு சருகு மிதந்தது.

சருகை எடுக்கப் பேச்சியின் கை துடித்தது. அடக்கிக்கொண்டது. தன் முறை வந்ததும் சருகை உதட்டால் ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தது.

"நாளைக்கும் நீதான் தம்பி" என்றது.

தளர்ந்து வந்தவருக்கு எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பதைவிட, அவர் கையிலும் ஒரு வேலையைக் கொடுத்து அவருக்காகக் காத்திருப்பதே பெரிய உதவி.