அந்தரத்தில் தங்கிய பந்து

பெர்க்மான்ஸ் இங்கிலாந்தில் இறங்கினார் என்பது வரைக்கும் உண்மை. சரக்குக் கப்பலில் சமையற்காரராக இருந்தவர். கப்பல் அங்கே ஒரு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தபோது உருளைக்கிழங்கு வாங்கக் கரைக்குப் போனார், வாங்கினார், திரும்ப வந்து ஏறிவிட்டார். உருளைக்கிழங்கு வாங்கிய அந்த நேரத்துக்குள் அவர் பார்த்த ஃபுட்பால் ஆட்டங்களையும் தோல்வியிலிருந்து கரையேற்றிவிட்ட கிளப்புகளையும் கூட்டிப் பார்த்தால், அந்தக் காய்கறிக் கடையில் கூட்டம் ரொம்ப ரொம்ப அதிகமாக இருந்திருக்க வேண்டும் என்பாள் அவர் மகள் எமில்டா.

அப்பாவின் புளுகு எமில்டாவுக்குப் பிடிக்காது. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்தவள். நிஜத்தைக்கூட இரண்டு தடவை யோசித்துத்தான் சொல்லுவாள். கடலோரத்தில், சர்ச்சுக்கு எதிரே டீக்கடை போட்டபோது அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "வடை சுடுங்க, வெங்காயம் உரிங்க, இங்கிலாந்து மட்டும் வேண்டாம்." அவரும் ஒத்துக்கொண்டார். வாயைக் கட்டிய மனுஷன் ஒரு சுற்று இளைத்தே போனார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கடை கொள்ளாத ஆள். டிவியில் இங்கிலாந்தின் இரண்டு பெரிய கிளப்புகள் மோதின. ஒன்று சிவப்புச் சட்டை, இன்னொன்று நீலச் சட்டை. ஊரில் யாரும் கிளப் பேரை முழுசாகச் சொல்வதில்லை. சிவப்பு, நீலம், அவ்வளவுதான். எந்த வீட்டில் பிறந்தாயோ அந்த நிறம், ஞானஸ்நானம் மாதிரி. சிவப்புக்குத் தலைவன் ஆட்டோ ஓட்டும் ஜெனிஸ். நீலத்துக்கு ஐஸ் பிளான்டில் வேலை பார்க்கும் டைட்டஸ். போன சீசனில் ஒரு ஆஃப்சைடுக்காக இவர்கள் இரண்டு பேரும் உருண்டதில் வடை வைக்கும் கண்ணாடி அலமாரி பொடிப்பொடியானது. நல்லவேளை, அன்றைக்கு எமில்டாவுக்குக் குழந்தை பிறந்திருக்கவில்லை. இன்றைக்கு, புதுக் கண்ணாடி போட்ட அதே அலமாரிக்குப் பின்னால், சேலைத் தொட்டிலில் அது தூங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. முடியப் போகிற நேரம். சிவப்புக்காரன் ஒருத்தன் தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தான். பந்து எழும்பி, கோல்கீப்பர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போதே கரண்டு போனது. மத்தியானம் அடித்த காற்றில் செல்போன் டவர் ஏற்கெனவே போயிருந்தது.

"கோல்," என்றது இருட்டில் ஜெனிஸின் குரல்.

"கம்பியில அடிச்சு வெளிய போச்சு," என்றது டைட்டஸின் குரல்.

"நீ கண்டியா?"

"நீ கண்டியா?"

எமில்டா மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தபோது இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு நின்றார்கள். டைட்டஸ் கையில் ஸ்டூல். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகலாம் என்றால் வாசலை அடைத்துக்கொண்டு ஆள். போலீஸைக் கூப்பிட டவர் இல்லை, ஃபாதரைக் கூப்பிட வழி இல்லை. அடுப்படியில் வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்த அப்பாதான் கண்ணில் பட்டார்.

"அப்பா," என்றாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நீங்க இங்கிலாந்துல இருந்தப்போ இதே மாதிரி ஒரு பந்து அந்தரத்துல நின்னுட்டுன்னு சொல்லுவீங்கள்லா? அது எப்படி?"

பெர்க்மான்ஸ் அப்படி ஒரு கதையை ஆயுசில் சொன்னதில்லை. மகளைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"நிக்கல மக்கா. தங்கிச்சு."

"எங்க தங்கிச்சு?" என்றான் டைட்டஸ், ஸ்டூலை இறக்காமலே.

"பனியில. பனின்னா நம்ம மார்கழிப் பனின்னு நெனச்சிராதே. அறுத்தெடுத்து உன் ஐஸ் பிளான்டுல அடுக்கி வைக்கலாம், அப்படிப் பனி. முதல் பாதியில சிவப்புக்காரன் ஒருத்தன் உதைச்சான். பந்து பனிக்குள்ள ஏறிச்சு. இறங்கல. ரெஃப்ரி அண்ணாந்து பாத்தான், வாட்ச்சைப் பாத்தான், வேற பந்து போட்டு ஆட விட்டுட்டான். ஹாஃப் டைம் ஆச்சு. ரெண்டு டீமும் பக்கம் மாறிட்டாங்க. உதைச்சவனை மாத்திட்டாங்க, அவன் உள்ள வெந்நீர்ல குளிச்சிட்டு நிக்கான். அப்பதான் லேசா வெயில் அடிச்சு பனி உருகிச்சு. பந்து மெதுவா இறங்கி, குறி வச்ச அதே கோலுக்குள்ள போச்சு."

"பின்னே, கோல்தானே," என்றான் ஜெனிஸ்.

"கோல்தான். ஆனா பக்கம் மாறிட்டுல்லா? இப்ப அது சிவப்போட கோல்போஸ்ட். செல்ஃப் கோல். உடம்புக்குச் சோப்பு போட்டுட்டு நிக்கும்போது செல்ஃப் கோல் போட்டவன் உலகத்துலயே அவன் ஒருத்தன்தான்."

நீலக்காரர்கள் கெக்கலித்தார்கள். ஜெனிஸ் சிரிக்கவில்லை. "களத்துல ரெண்டு பந்து கெடந்தா ரெஃப்ரி ஒத்துக்குவானா மாமா?"

"நானும் அதைத்தான் அவன்கிட்ட கேட்டேன்."

"நீங்க கேட்டீங்க."

"நான்தான் கேட்டேன். அவன் சொன்னான், பெர்க்மான்ஸ், மேல போனதுக்குத்தான் முதல் மரியாதைன்னு."

சிரிப்பு நீலப் பக்கமாகவே அடித்துக்கொண்டிருப்பதை எமில்டா கவனித்தாள். ஜெனிஸின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "சிவப்புக்கு நீங்க ஒரு உபகாரம் பண்ணினீங்களே அப்பா, அதையும் சொல்லுங்க."

"அதுவா." பெர்க்மான்ஸ் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "சிவப்புக்கு ஒரு குறை இருந்துது. நூறு வருஷமா ஆடுறாங்க, எல்லா நிமிஷத்துலயும் கோல் போட்டாச்சு. ஒண்ணாவது நிமிஷத்துல உண்டு, தொண்ணூறாவது நிமிஷத்துல உண்டு. முப்பத்தேழாவது நிமிஷத்துல மட்டும் ஒண்ணுகூட கெடையாது. கிளப்புல புள்ளிவிவரம் எழுதுறவன் அந்த ஒரு கட்டத்தைப் பாத்துப் பாத்து அழுது, கண்ணு தெரியாமப் போயி, அவன் மகன் எழுதினான். அவனும் அழுதான். கடைசியில என்னைக் கூப்பிட்டாங்க."

"உங்களை எதுக்கு? நீங்க சமையல்காரருல்லா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அதுக்குத்தான். மைதானத்து ஓரத்துல அடுப்பு மூட்டி, சாளை மீனுக்குக் குடம்புளி போட்டுக் குழம்பு வச்சேன். முப்பத்தாறாவது நிமிஷம் முடியுற நேரம் பாத்து மூடியைத் திறந்தேன். காத்து எதிராளி கோல் பக்கம் போவுது. டிஃபென்டர் நாலு பேரும் மூக்கைத் தூக்கிட்டு அப்படியே என் பக்கம் திரும்பிட்டானுவ. கோல்கீப்பர் கையுறையைக் கழட்டிட்டுத் தட்டு கேட்டான். சிவப்புக்காரன் பந்தை நடத்திக் கூட்டிட்டுப் போயி உள்ள விட்டுட்டு வந்தான்."

இந்தத் தடவை சிவப்புக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். சந்தேகம் இப்போது டைட்டஸுக்கு வந்தது. "உருளைக்கிழங்கு வாங்கப் போன ஆளுக்கு சாளை ஏது மாமா? அங்க நம்ம சாளை கெடைக்குமா?"

"கெடைக்காது. குளச்சல்ல இருந்து கப்பலுக்குப் பின்னாலயே நீந்தி வந்துது. என்னைப் பிரிஞ்சு இருக்க முடியல அதுகளுக்கு."

"அம்மாந்தூரம் நம்பி வந்த மீனையா வெட்டிக் குழம்பு வச்சீங்க?" என்றான் ஜெனிஸ்.

"அந்த வருத்தம் எனக்கு இன்னைக்கும் உண்டு."

ஜெனிஸும் டைட்டஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டைக்குப் பார்த்த பார்வை இல்லை. ஒரே ஆளிடம் ஏமாந்த இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் பார்வை. டைட்டஸ் ஸ்டூலைத் தரையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான்.

எமில்டாவுக்கு மூச்சு வந்தது. வந்த கையோடு இன்னொரு பயமும் வந்தது. கரண்டு எப்படியும் வரும். டிவி ஓடும். பந்து உள்ளே போயிருந்தால் ஒருத்தன் குதிப்பான், போகாவிட்டால் மற்றவன் குதிப்பான். எல்லாருடைய முகமும் அப்பாவின் வாயைப் பார்த்திருந்தது. அவள் அலமாரிக்குப் பின்னால் நழுவி, குனிந்து, டிவியின் பிளக்கை உருவி எடுத்தாள்.

"அப்புறம் சிவப்புக்கும் நீலத்துக்கும் நேருக்கு நேர் ஆட்டம்," என்று போய்க்கொண்டிருந்தார் பெர்க்மான்ஸ். "பெர்க்மான்ஸ் எனக்குன்னு இவன், எனக்குன்னு அவன். கடைசியில ராசி ஆனாங்க. முதல் பாதி நான் சிவப்புக்கு, ரெண்டாம் பாதி நீலத்துக்கு. சிவப்புக்கு மூணு போட்டேன். சட்டையை மாத்திட்டு வந்து நீலத்துக்கு மூணு போட்டேன். ஒரே ஆட்டத்துல ரெண்டு கட்சிக்கும் ஹாட்ரிக்."

"இந்தத் தொப்பையை வச்சிக்கிட்டா?" என்றான் டைட்டஸ்.

"தொப்பை அன்னைக்குக் கப்பல்ல இருந்துது. நான் மட்டும்தான் இறங்கினேன்."

"ஆறும் காலால போட்டதா?" என்றான் ஜெனிஸ்.

"நாலு தலையால. இந்த முடியெல்லாம் போனது அப்பதான். பந்தோட வேகம் அப்படி."

"டைட்டஸ்," என்றான் ஜெனிஸ், "நீ இவரு தலைப்பக்கம் பிடி, நான் காலைப் பிடிக்கேன். கடல்ல போட்டுட்டு வந்துருவோம்."

"வேண்டாம்டே. நேரா இங்கிலாந்துல போய்க் கரையேறுவாரு. அப்புறம் அதை வேற ஒக்காந்து கேக்கணும்."

சிவப்பும் நீலமும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் மெழுகுவர்த்தியே அணைந்துவிட்டது. அணைந்த அதே நொடியில் கரண்டு வந்தது. பல்பு எரிந்தது, ஃபேன் சுற்றியது. டிவி மட்டும் கறுப்பாக இருந்தது. அத்தனை தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

"எமில்டாக்கா, டிவியைப் போடுங்க."

"டிவி போச்சு," என்றாள் எமில்டா. "வோல்டேஜ் கூடி வந்துட்டு. பின்னால இருந்து புகை வந்துதே, நீங்க யாரும் பாக்கலியா?"

அப்பா சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் குறுக்கே விழுந்த கூட்டம், இதற்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. "அக்கா சொன்னா செரியாத்தான் இருக்கும்," என்றான் டைட்டஸ். "பாவம், புது டிவி," என்றான் ஜெனிஸ். ஜங்ஷனுக்குப் போனால் டவர் கிடைக்கும், ஆட்டம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளலாம் என்று யாரோ சொல்ல, ஜெனிஸின் ஆட்டோவில் மடிக்கு மேல் மடியாக ஏறினார்கள். சிவப்பின் மடியில் நீலம், நீலத்தின் மடியில் சிவப்பு. சாளை மீன் அவ்வளவு தூரம் நீந்துமா என்ற பேச்சு தெருமுனை வரைக்கும் கேட்டது.

கடை காலியானது. எமில்டா தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். குழந்தை விரலைச் சப்பிக்கொண்டு தூங்கியது.

பெர்க்மான்ஸ் டிவிக்குப் பின்னால் போய், தொங்கிக்கொண்டிருந்த பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்தார்.

"புகைன்னு சொன்னது நல்லாத்தான் இருந்துது மக்கா," என்றார். "ஆனா அரைகுறை. புகைன்னா என்ன நிறம்னும் சொல்லணும். நிறம் சொன்னாத்தான் புளுகு நிக்கும்."

"செவப்புன்னு சொன்னா டைட்டஸ் ஸ்டூலைத் தூக்குவான், நீலம்னு சொன்னா ஜெனிஸ் தூக்குவான்," என்றாள் எமில்டா. "வெங்காயத்தை உரிங்கப்பா."