இருபத்தொரு இலையும் மூன்று வெறுங்கோடும்

காட்டில் எல்லாக் குட்டையும் வற்றி, ஒரே ஒரு குளம் மட்டும் மிச்சமிருந்த கோடை அது. வெயிலென்றால் சும்மா வெயில் இல்லை. பாறையில் உட்கார்ந்த தவளை எழுந்திருக்கும்போது, ஒட்டிக்கொண்ட தன் தோலை உரித்தெடுத்து மறுபடி போட்டுக்கொண்டு போனது!

எல்லா மிருகமும் அந்தக் குளத்துக்கே வந்தன. எல்லாரும் வருகிற இடத்துக்குச் சிறுத்தை மட்டும் வராமல் இருக்குமா? வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு மானும் ஒரு முயலும் காணாமல் போயின.

குளத்துக்குத் தலைவி யானைப் பெரியம்மா. அவள் கூட்டம் போட்டாள்.

"மூணு பேரைக் காவலுக்கு வைக்கப் போறேன். காவல்காரங்க குடும்பத்துக்குத்தான் காலையில முதல் தண்ணி!"

முதல் தண்ணீர் என்றதும் சுருளாயி நிமிர்ந்து பார்த்தாள். சுருளாயி ஓர் அழுங்கு, எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில், கையெல்லாம் நகம். பெரிய மிருகங்கள் குடித்து முடித்து அவள் முறை வருவதற்குள் குளக்கரையில் சேறுதான் இருக்கும். அவள் வாலில் ஒட்டிக்கிடந்த குட்டி மூன்று நாளாகச் சேற்றை நக்கி, நாக்கு வெடித்து, கண் திறக்காமல் கிடந்தது.

"நானும் காவலுக்கு வர்றேன் பெரியம்மா!" என்றாள்.

"டேய், பலாப்பழத்துக்குக் கால் முளைச்சிருக்குடா!" என்று மரத்திலிருந்து ஒரு குரல். கருமந்தி தாவப்பனின் கடைசித் தம்பி அவன். "இதுக்கு நாலு முழத்துக்கு அப்பால கண்ணே தெரியாது. இது காவலாம்!"

கூட்டமே சிரித்தது. சுருளாயிக்கு அப்படியே சுருண்டு பந்தாகிவிடலாம் போலிருந்தது. ஆனால் சுருண்டால் குட்டி நசுங்குமே! நின்றாள்.

"வர்றவங்க எல்லாரும் வரட்டும். பரீட்சை வைக்கிறேன்" என்றாள் யானை.

பரீட்சைக்கு நரிதான் சிறுத்தை வேஷம். சிறுத்தை படுத்துப் புரண்ட புல்லை முதுகில் கட்டிக்கொண்டு, குளத்துக்கு வரும் பத்து வழியிலும் நரி பதுங்கிப் பதுங்கி வரவேண்டும். போட்டிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காவல் நின்று கண்டுபிடிக்கவேண்டும். பாவம் நரி, அன்றைக்கு அறுபது தடவை சிறுத்தையாக வந்து, வீட்டுக்குப் போனபோது பெண்டாட்டியைப் பார்த்தே உறுமியதாம்!

முடிவு வந்தது. தாவப்பனும் அவன் தம்பிகள் இரண்டு பேரும் ஆளுக்கு ஏழு. சுருளாயி நாலு. வாத்து மூன்று. ஆமை இரண்டே இரண்டு.

யானை தும்பிக்கையைத் தூக்கினாள். "ஏழும் ஏழும் ஏழும் இருபத்தொண்ணு! பத்து வழிக்கு இருபத்தொரு காவல்! இனி நமக்கென்ன பயம்?"

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். சுருளாயி மட்டும் யோசித்தாள். குட்டியின் மூச்சு வாலில் சூடாகப் பட்டது. இப்போது வாயைத் திறக்காவிட்டால் அப்புறம் திறந்து என்ன பிரயோசனம்?

"பெரியம்மா, இருக்கிறதே பத்து வழிதானே? மிச்சப் பதினோரு வழி எந்தப் பக்கம் இருக்கு?"

ஆரவாரம் நின்றது. யானை காதை ஆட்டினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

சுருளாயி நகத்தால் மண்ணில் பத்துக் கோடு கிழித்தாள். "ஒரு வழிக்கு ஒரு கோடு. நரியண்ணே, உங்களை யார் யார் எந்த வழியில கண்டாங்கன்னு சொல்லுங்க. அந்தக் கோட்டு மேல ஒரு தேக்கிலையை வைக்கிறேன்."

நரி முதலில் தாவப்பனைப் பற்றிச் சொன்னது. ஏழு கோட்டில் ஏழு இலை. பெரிய தம்பிக்கும் ஏழு இலை. அதே ஏழு கோட்டின் மேல்! சின்னத் தம்பிக்கும் அதே ஏழு! இலைகள் மூன்றடுக்காக ஏறின. மூன்று கோடுகள் மட்டும் மொட்டையாகக் கிடந்தன.

"அந்த மூணும் மூங்கில் புதர், கோரைப்புல், தண்ணிக்குள்ள நீந்தி வர்ற வழி" என்றது நரி பெருமையாக. "அங்கெல்லாம் இவங்க மூணு பேருக்கும் என் வால் நுனிகூடத் தெரியலையே!"

"இருபத்தொரு இலை இருக்குல்ல?" என்று தாவப்பன் கத்தினான்.

"இலை இருபத்தொண்ணுதாங்க. மூடின கோடு ஏழுதான்."

"என் கண்ணும் என் தம்பிங்க கண்ணும் ஒண்ணா?"

"ஒரே மரத்துல உட்கார்ந்து ஒரே மாதிரி பார்த்தா, ஒண்ணுதாங்க!"

அடுத்துச் சுருளாயி தன் நாலு இலையை வைத்தாள். இரண்டு மற்ற இலைகளின் மேல் போயின. இரண்டு மூங்கில் புதரிலும் கோரைப்புல்லிலும் விழுந்தன. கண் போகாத இடத்துக்கு அவள் மூக்கு போயிருந்தது!

வாத்தின் மூன்று இலையும் பழைய இலைகளின் மேலேயே விழுந்தன. ஆமையின் இலை ஒன்றும் அப்படித்தான். கடைசி இலை நீர்வழிக் கோட்டில் விழுந்தது.

யானை மண்டியிட்டுப் பார்த்தாள். "ஏழு, நாலு, ரெண்டு. கூட்டினா பதிமூணுதான் வருது. ஆனா ஒரு கோடும் வெறுசா இல்லையே! நான் ஆளை எண்ணினேன், வழியை எண்ணாம விட்டுட்டேன். மந்தியில ஒருத்தர், சுருளாயி, ஆமை, இவங்கதான் காவல்!"

தாவப்பனின் முகம் வாடியது. அவனுக்கும் வீட்டில் குட்டிகள் உண்டு. சுருளாயிக்கு மனசு கேட்கவில்லை.

"பெரியம்மா, மரத்து மேல எப்பவும் ஒருத்தர் இருந்தா போதும். அண்ணன் தம்பி மூணு பேரும் முறை வெச்சுக்கட்டும். மூணு வீட்டுக்கும் முதல் தண்ணி கிடைக்கட்டுமே!"

தாவப்பன் மரத்திலிருந்து இறங்கி வந்தான். "சின்னவனே, பலாப்பழம்னு சொன்ன வாயாலேயே அக்கான்னு சொல்லுடா!"

"அக்கா!" என்றான் தம்பி, தலையைச் சொறிந்துகொண்டே.

மறுநாளிலிருந்து சிறுத்தை பத்து நாளில் பத்து வழியிலும் வந்து பார்த்தது. பாறைமேல் வந்தால் மந்தி கத்தியது. புதரில் வந்தால் அழுங்கு வாலால் தரையை அடித்தது. நீந்தி வந்தால் ஆமை காலைக் கடித்தது. பதினோராம் நாள் அது வரிசையில் கடைசியாக நின்று, மரியாதையாகத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த காட்டுக்குப் போயிற்று. நான் சொல்வதை நம்பாதவர்கள் அந்தக் காட்டுக்குப் போய்ச் சிறுத்தையையே கேட்டுக்கொள்ளலாம்.

சுருளாயியின் குட்டியோ, முதல் நாள் காலையிலேயே தெளிந்த தண்ணீரில் மூக்கை விட்டு, தும்மி, கண்ணைத் திறந்து, மறுபடி குடித்தது.

ஒரே திறமையை எத்தனை பேராகக் கூட்டினாலும் எண்ணிக்கைதான் பெருகும். வேறு வேறு திறமைகளைச் சேர்த்துக்கொண்டால்தான் குறை தீரும்.