மடிப்புப் பிரியாத தாள்

ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான் என்று தொடங்கலாம் என்றால், இந்தக் கதையில் ராஜா கிடையாது. ஊர் உண்டு. ஊருக்குள் ஒரு மாடி அறை உண்டு. அந்த அறைக்குப் படியேறி வந்தார் சிங்கராயர். மூச்சிரைப்பு அடங்கும் முன்னே கேட்டார்.

“தப்பு எங்கே இருக்கு மேடம்?”

மேசைக்கு அந்தப் பக்கம் ரஹ்மத். அவர் வயசில் பாதிதான் இருக்கும் அவளுக்கு.

“உட்காருங்க சார்.”

அவர் உட்காரவில்லை.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, அந்தத் தாளை ஜெர்மனிலிருந்து இங்கிலீஷுக்குக் கொண்டுவருவதுதான் அந்த அறையின் வேலை. எழுத ஏழெட்டுப் பேர், சிங்கராயரும் அதில் ஒருவர். கடைசிக் கையெழுத்து ரஹ்மத் போட வேண்டும். அது விழாமல் எந்தத் தாளும் படியிறங்காது.

சிங்கராயர் கல்லூரியில் இருபத்தாறு வருஷம் ஜெர்மன் சொல்லிக் கொடுத்தவர். ரஹ்மத் அந்த நாட்டு முதியோர் இல்லம் ஒன்றில் ஏழு வருஷம் நர்ஸாக இருந்தவள். அவளுடைய ஜெர்மன், அந்தக் கிழவிகள் வாயிலிருந்து வந்தது. இலக்கணம் அங்கங்கே நொண்டும். நொண்டும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

“என் தாளை மூணு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க. ஒரு கோடு இல்ல, ஒரு சுழி இல்ல. என்னத்தை நான் திருத்துறது?”

“திருத்த ஒண்ணும் இல்ல சார்.”

“இன்னொருத்தர் இதைத் திரும்ப ஜெர்மனுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாரு. எழுத்துக்கு எழுத்து ஒத்து வந்துச்சு.”

“வரும்.”

“அப்ப கையெழுத்துப் போடுங்க.”

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். மறுபடி மூடினாள்.

அவருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இந்த ஒரு கையெழுத்து விழுந்தால் இனி அவர் வீட்டிலிருந்தே எழுதலாம். அதுதான் பேச்சு. வீட்டில் மனைவி செங்கோல் மேரி படுத்த படுக்கை. நடுக்க நோய். பகலெல்லாம் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு, மாத்திரை வேளைக்கு ஓடி, திரும்ப ஓடிவந்து, அறுபது வயசு முழங்கால் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

ரஹ்மத் அவர் கையைப் பார்த்தாள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

“என்ன சார் அது?”

“கடி.”

“நாயா?”

“வீட்டுக்காரி.”

அவள் சிரிக்கவில்லை.

“மாத்திரையைக் கண்டா வாயைப் பூட்டிக்கிறா மேடம். கிறிஸ்துமஸ்ல இருந்து இதே கூத்து. தண்ணி மூக்கு வழியா வருது, புரையேறுது, கண்ணு செருகுது. அதுக்காக விட முடியுமா? மருந்து உள்ளே போகலைன்னா கை கால் கட்டை மாதிரி ஆகிடும். மூக்கைப் பிடிச்சு ஊத்துறேன். இன்னிக்குக் கடிச்சுட்டா.”

“ஏன் கடிச்சாங்க?”

“பிடிவாதம். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து பிடிவாதம்தான்.”

ரஹ்மத் இழுப்பறையைத் திறந்தாள். கரைகிற மாத்திரைகளில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் அதற்குள் கிடந்தன. தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்குவது ஒன்று. நாக்கில் வைத்தால் உருகிப்போவது ஒன்று. சப்ப வேண்டியது ஒன்று. மெல்ல வேண்டியது ஒன்று. ஜெர்மன்காரன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பேர் வைத்திருக்கிறான்.

“பரீட்சையா?” என்றார் சிங்கராயர். “பிரவுஸெ, ஷ்மெல்ஸ், லுட்ஷ், கவ். நாலுக்கும் இங்கிலீஷ்ல என்ன பேர்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

“தெரியும் சார். திருப்பி அனுப்பின தாள் எதைப் பத்தினது?”

“ஷ்மெல்ஸ். நாக்குல உருகுறது.”

“அதுல மூணாவது பகுதி என்ன சொல்லுது?”

அவர் நிமிர்ந்தார். ஜெர்மனில் ஒப்பித்தார், வகுப்பில் ஒப்பித்த மாதிரி. பிறகு இங்கிலீஷில் ஒப்பித்தார். ஒரு சொல் இடறவில்லை.

“தமிழ்ல?”

“தமிழ்ல யார் கேட்டா?”

“நான் கேக்குறேன். எனக்கு ஒடம்புக்கு முடியல. தண்ணி குடிச்சாப் புரையேறுது. சொல்லுங்க, நான் என்ன செய்யணும்?”



“டாக்டரைக் கேக்கணும்,” என்றார்.

அவள் ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அவர் முன் தள்ளினாள். வெள்ளித் தகடு. பேர் எதுவும் இல்லை.

“ஒண்ணு எடுத்துக் குடுங்க சார்.”

அவர் கடிபடாத கட்டைவிரலால் தகட்டை அழுத்தினார். அழுத்திய அழுத்தில் மாத்திரை உடைந்து பொடியாக மேசையில் உதிர்ந்தது.

“பாருங்க. வீட்டிலயும் இதே கதை. இப்பல்லாம் கம்பெனிக்காரன் சுண்ணாம்பைத்தான் தட்டி அனுப்புறான்.”

“பொடியை என்ன பண்ணுவீங்க?”

“ஸ்பூன்ல தண்ணி விட்டுக் குழைப்பேன்.”

“குழைச்சு?”

“சொன்னேனே. மூக்கைப் பிடிச்சு…”

ரஹ்மத் அந்தப் பொடியை ஒரு காகிதத்தால் கூட்டி எடுத்தாள். நிதானமாகக் கூட்டினாள். ஒரு துகள் மிச்சமில்லை.

“அவங்க மாத்திரைப் பெட்டியை எடுத்துட்டு வாங்க.”

“எதுக்கு?”

“உள்ளே ஒரு தாள் இருக்கும்.”

“அட, அதையெல்லாம் யாரு மேடம் படிக்கிறா!”

சொல்லிவிட்டார். சொன்னது அந்த அறையில் அப்படியே நின்றது. சுவரோரத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்களின் விரல்கள் நின்றன.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

வீடு இரண்டு தெரு தள்ளி. பெட்டி பீரோ மேல் கிடந்தது. வாங்கிவந்த அன்றே மாத்திரை அட்டைகளை டப்பாவில் போட்டுவிட்டு, பெட்டியை மேலே எறிந்திருந்தார். மருந்துக்கடைக்காரன் பெட்டி முகத்தில் கறுப்பு மையில் கொட்டையாக எழுதியிருந்தான்: மூணு வேளை. அந்த மைக்கு அடியில் என்னவோ சின்ன எழுத்து இருந்தது. யார் பார்த்தார்கள்?

கட்டிலில் செங்கோல் மேரி கண் திறந்தாள். அவரைக் கண்டதும் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“இப்ப இல்ல. தூங்கு,” என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு திரும்ப மாடியேறினார்.

தாளின் மடிப்பு பிரியவே இல்லை. மருந்துக் கம்பெனி மடித்த மடிப்பு. ரஹ்மத் அதைத் தொடவில்லை.

“நீங்களே பிரிங்க சார். சத்தமாப் படிங்க.”

இங்கிலீஷில் படித்தார். நாலு வரி போனதும் தலையாட்டினார்.

“பரவாயில்ல. எவனோ விஷயம் தெரிஞ்சவன்தான் பண்ணியிருக்கான்.”

“மேல படிங்க.”

மூன்றாவது பகுதிக்கு வந்தார்.

கையை ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ள வேண்டும். தகட்டை அழுத்தக் கூடாது, மாத்திரை நொறுங்கிவிடும். ஓரத்தைப் பிடித்து உரிக்க வேண்டும்.



ஓரத்தைப் பிடித்து. அந்த இரண்டு சொல்லுக்காகப் போன ஆவணியில் அவர் ரஹ்மத்தோடு அரைநாள் மல்லுக்கட்டியிருந்தார். ஜெர்மனில் ‘உரித்து’ என்று மட்டும்தான் இருந்தது. நோயாளிக்கு நடுங்குகிற கை, ஓரம் என்று சொன்னால்தான் பிடி கிடைக்கும் என்று வாதாடி ஜெயித்தவர் அவர். இந்த அறைக்கு வருகிற தாள்களில் மருந்தின் பேர் இருக்காது. பேர் வரும் இடத்தில் மூன்று நட்சத்திரம் போட்டு அனுப்புவார்கள்.

இப்போது அந்த இடத்தில் பேர் இருந்தது. தினம் மூன்று வேளை அவர் உச்சரிக்கிற பேர்.

“நிறுத்திட்டீங்க,” என்றாள் ரஹ்மத்.

அவர் படித்தார். உதடுதான் அசைந்தது. மாத்திரையை நாக்கின் மேல் வைக்க வேண்டும். சில நொடிகளில் தானே உருகிவிடும். தண்ணீர் வேண்டாம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்காகவே செய்யப்பட்டது.

ரஹ்மத் அவருடைய புதுத் தாளை எடுத்தாள். பேனா மூடியைத் திறந்தாள். கையெழுத்துப் போட்டாள்.

“தப்பு எதுவும் இல்ல சார்,” என்றாள்.

அவர் அந்தத் தாளை எடுத்துக்கொள்ளவில்லை.

“மேடம்… இது என்னோடதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அவங்க எந்த மாத்திரை சாப்பிடுறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ‘ஓரத்தைப் பிடிச்சு’ன்னு நீங்க படிச்சப்பதான்.”

“அப்ப ஏன் மூணு தடவை திருப்பினீங்க?”

“எழுதினவர் படிச்சிருக்காரான்னு பார்க்க.”

சிங்கராயர் படியிறங்கினார். இந்தத் தடவை ஓடவில்லை.

மதிய வேளை. செங்கோல் மேரி செருப்புச் சத்தம் கேட்டே வாயைப் பூட்டியிருந்தாள். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

“டம்ளர் இல்ல பாரு. ஸ்பூனும் இல்ல.”

அவள் நம்பவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்வையை ஓட்டினாள். கதவைப் பார்த்தாள். எங்கேயும் இல்லை.

வேட்டியில் கையைத் துடைத்தார். தகட்டின் ஓரத்தைப் பிடித்து உரித்தார். மாத்திரை முழுசாக வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெகுநேரம் கழித்து உதடு இத்தனூண்டு திறந்தது. நாக்கின் மேல் வைத்தார்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். புரையேறுவதற்காகக் காத்திருந்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்த கை வெளுத்திருந்தது.

புரையேறவில்லை.

பத்து எண்ணுவதற்குள் நாக்கில் ஒன்றுமில்லை. அவள் வாயைத் திறந்து, நாக்கை அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். நோய் வந்த பிறகு அவள் பேச்சு குழறும். இதைத் தெளிவாகத்தான் கேட்டாள்.

“இப்படிக் குடுக்கணும்னு யாரு சொன்னா?”

அவர் வாயைத் திறந்தார். மூன்று பாஷை தெரிந்த வாய்.

எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.